ஏழு மில்லிமீட்டர்

முத்திரைக்காரர் வீட்டுக் கார் வண்டிக்கு இருபத்திரண்டு வயது. அதன் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. இது தெருவுக்கே தெரிந்த செய்தி. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் அவரே சொல்லிவிடுவார்.

எடையளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்தவர் அவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவார், சரியில்லை என்றால் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எந்தக் கடையிலும் ஒரு எலுமிச்சம்பழம்கூட இலவசமாக வாங்கியதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த வியாபாரி ஒருவர் கேலியாக வைத்த பெயர்தான் முத்திரைக்காரர். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். நிமிர்ந்த முதுகும் தேய்த்த சட்டையுமாக அவர் தெருவில் நடந்தால், காய்கறி விற்கிறவர்கள் இன்றைக்கும் தட்டில் ஒரு தக்காளியைக் கூடுதலாக வைப்பார்கள். அவர் அதை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு நடப்பார்.

அந்த வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் கடைசியில் வண்டியில்தான் வந்து நிற்கும். மகள் பள்ளிக்கூடத்தில் பேனாவைத் தொலைத்தாலும், மனைவி கண்ணாடித் தம்ளரைக் கைதவறிப் போட்டாலும், "இத்தனை வருஷமா ஒரு வண்டிய கீறல் இல்லாம வச்சிருக்கேன்" என்பார். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

கேட்கிறவர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சு பொய். எட்டு வருடம் உண்மையாக இருந்து, அதற்குப் பிறகு பதினான்கு வருடமாகப் பொய்யாக இருந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், மனைவியின் தம்பி, அதாவது அவருடைய மச்சினர், புது வேலையில் சேரும் நாளுக்காக ஒரே ஒரு நாள் வண்டியைக் கேட்டார். முத்திரைக்காரர் நாலு பேர் முன்னால் சிரித்தார். "வண்டியும் பேரும் ஒண்ணு மச்சான். இரவல் குடுத்தா கீறலோடதான் திரும்பி வரும்" என்றார். மச்சினர் பேருந்தில் போனார். அடுத்த எட்டாம் நாள், ஒரு சரக்குக் கிடங்கில் எடைமேடையைச் சோதித்துவிட்டுப் பின்பக்கமாக வண்டியை எடுத்த முத்திரைக்காரர், வாசல் இரும்புத் தூணில் இடது பின்பக்கத்தைக் கொண்டுபோய் இடித்தார். சக்கரத்துக்கு மேலே இருந்த தகடு, உள்ளங்கையை வைத்து அழுத்திய மாவுபோல உள்ளே போயிருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். மச்சினர் சிரித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பைத்தான் அவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பயிற்சி முகாம் என்று வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, இன்னோர் ஊரில் நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் ஒரு டிங்கர் பட்டறையில் வண்டியை விட்டு, மூன்று நாள் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தார். அந்த டிங்கர் கைதேர்ந்தவர். தகட்டை இழுத்து, மேலே பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூசித் தேய்த்து, வண்டியின் கரும்பச்சை நிறத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டார். திரும்பி வந்த வண்டியைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மச்சினர் மட்டும் அந்த வண்டியில் அதற்குப் பிறகு ஏறியதே இல்லை. அது வேறு காயம்.

இப்போது வண்டி மகளுடையது. முத்திரைக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்த வருடம் சாவி அவள் கைக்குப் போனது. மகள் லிப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் தொங்கும் கம்பிவடத்தை ஒற்றைக் கையால் தடவிப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லக்கூடியவள். அவள் கைக்கு வந்ததும் வண்டி வேறு ஆளாகிவிட்டது. முதலில் ஸ்பிரிங் மாறி வண்டி நாலு விரல்கடை தாழ்ந்தது. பிறகு புகைக்குழாய் மாறியது. அதற்கு ஒரு தொண்டை வந்தது. பிறகு இருக்கைகள் மாறின. முத்திரைக்காரர் ஒவ்வொன்றுக்கும் முகம் சுளித்தார். ஆனால் தெருமுனையில் அந்தத் தொண்டைச் சத்தம் கேட்கும்போதே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். வெளிப்பூச்சை மட்டும் அவள் தொடவே இல்லை. அதுதான் அப்பாவின் கீறல் விழாத பூச்சு.

அந்த ஊரில் வண்டி மாற்றிக் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள். அதில் 'காயம் படாதவை' என்று ஒரு தனி வரிசை. தகடு ஒருமுறைகூடப் பழுது பார்க்கப்படாத பழைய வண்டிகளுக்கு மட்டும் அங்கே இடம். அந்த வரிசையில் இதுவரை எட்டு வண்டிக்கு மேல் நின்றதில்லை. மகள் விண்ணப்பத்தை நிரப்பி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். 'உடல்: இருபத்திரண்டு வருடம், ஒரே குடும்பம், கீறலும் இல்லை பழுதும் இல்லை.' அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? சொன்ன சொல்லுக்குக் கால் முளைத்து, அது மைதானம் வரைக்கும் நடந்துவிட்டது.

இனி அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அகலச் சக்கரம்.

சக்கரக் கடைக்காரர் பதினெட்டு வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். கடைச் சுவர் முழுக்க அலாய் சக்கரங்கள் தட்டுகளைப் போல மாட்டியிருக்கும். அவருக்கு ஒரு பழக்கம். யார் வந்து எந்தச் சக்கரத்தைக் கேட்டாலும், முதலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பழைய சக்கரங்களைக் கழற்றி, நாலு மூலையையும் அளந்த பிறகுதான் விலையே சொல்லுவார். சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டின் விளிம்பிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். அந்த நூலுக்கும், சக்கரம் போய் உட்காரும் இரும்பு முகத்துக்கும் எவ்வளவு இடம் என்று பார்ப்பார். சக்கரம் எவ்வளவு வெளியே வரலாம் என்று முடிவு செய்வது அந்த இடைவெளிதான். ஒரு மில்லிமீட்டர் கூடினால் டயர் தகட்டில் உரசும். குறைந்தால் வண்டி ஒல்லிக்காலில் நிற்கும்.

அன்று முத்திரைக்காரரும் கூடப் போயிருந்தார். கண்டவன் கை வண்டியில் படக்கூடாது என்று பார்த்துக்கொள்ளத்தான் வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். ஆனால் அந்தத் தூக்குக்குண்டைப் பார்த்ததும் அவருக்குக் கடைக்காரரைப் பிடித்துப்போயிற்று. தன் சட்டைப்பையிலிருந்த பித்தளை அளவுகோலை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதில் வெட்டியிருந்த துறைக் குறியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இவரை நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடைத் தராசில் இருந்த முத்திரை இவர் குத்தியது.

வலது முன்பக்கம் அளந்தாயிற்று. வலது பின்பக்கம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். கடைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடது பின்பக்கத்தை நோக்கிக் குண்டும் நூலுமாகப் போனார்.

முத்திரைக்காரர் ஓரடி முன்னால் வந்தார். அவர் யோசிக்கவில்லை. பதினான்கு வருடமாகப் பேசிப் பழகிய வாய் தானே பேசியது.

"இந்த வண்டி மேல ஒரு கீறல் விழுந்ததில்ல. ஒரு பக்கம் அளந்தா மறுபக்கம் அளந்த மாதிரி."

கடைக்காரர் நின்றார். பதினெட்டு வருடத்தில் அவர் எந்த வண்டியையும் பாதி அளந்து விட்டதில்லை. ஆனால் சொல்லுகிறவர் யார்? அப்பாவின் தராசுக்கு முத்திரை குத்தியவர். அவர் சொல்லுக்கு மேல் ஒரு குண்டைத் தொங்கவிடுவது மரியாதையாகுமா? நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினேழு அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம் என்று எழுதிக்கொண்டார். பழைய இரும்புச் சக்கரம் ஐந்தரை அங்குலம்தான். இந்த வண்டிக்கு நாலு போல்ட் என்பதால் துளைகளைத் தனியாகப் போட வேண்டும். துளை போட்ட பிறகு அந்தச் சக்கரம் வேறு எந்த வண்டிக்கும் ஆகாது, திருப்பி எடுக்க முடியாது, நல்லா யோசிச்சுக்குங்க என்று அவர் மகளிடம் இரண்டு தடவை சொன்னார். மகள் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தவள். உடனே சரி என்றாள்.

மூன்று வாரத்தில் சக்கரங்கள் வந்தன. அந்த மூன்று வாரமும் முத்திரைக்காரர் சரியாகத் தூங்கவில்லை. டிங்கர் கைதேர்ந்தவர், இழுத்த தகடு அளவோடு வந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அளந்து பார்க்கத் துணிவில்லை. தெருவிலிருக்கும் அத்தனை தராசையும் சோதித்த மனிதர், வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

கடையில் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அவருக்குக் கவலை மறந்தது. சாம்பல் நிறத்தில் பத்துக் கம்பிகள், அவற்றைச் சுற்றிக் கண்ணாடி போன்ற வெள்ளி விளிம்பு, உள்ளே ஒரு சாப்பாட்டுப் பாத்திரம் அளவுக்குக் குழிவு. மகள் ஒரு சக்கரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அண்ணாந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். முத்திரைக்காரர் கைக்குட்டையால் விளிம்பில் இருந்த விரல்ரேகையைத் துடைத்தார். வீண் ஆடம்பரம் என்று வாய் சொன்னது. கை துடைத்துக்கொண்டே இருந்தது.

வலது பக்கம் இரண்டும் மாட்டி, வண்டியை இறக்கினார்கள். அவர் நாலடி தள்ளிப் போய்ப் பார்த்தார். டயரின் தோளும் தகட்டின் வளைவும் ஒரே கோட்டில் இறங்கின. இடையில் ஒரு விரல் நுழையும். பெட்டிபோல் இருந்த பழைய வண்டி, தோளை விரித்துக் காலை ஊன்றி நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அதை அவர் அப்படிப் பார்த்ததில்லை. கர்வமாக இருந்தது. தன் வண்டி என்பதால் கொஞ்சம், மகளின் வண்டி என்பதால் அதைவிட அதிகம்.

இடது முன்பக்கமும் அப்படியே பொருந்தியது. இடது பின்பக்கம் மாட்டி ஜாக்கியை இறக்கும்போது, கடைசி விரல்கடையில், ரப்பர் தகட்டில் பட்டு ஒரு முனகல் கேட்டது.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். விரல் நுழைய வேண்டிய இடத்தில் காகிதம் நுழையவில்லை. டயர் தகட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சக்கரத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டினார்கள். வலது பக்கம் எந்தச் சக்கரத்துக்கும் பொருந்தியது. இடது பின்பக்கம் எந்தச் சக்கரத்துக்கும் பொருந்தவில்லை. கடைக்காரர் அப்போதுதான் குண்டை எடுத்து அந்த மூலையில் தொங்கவிட்டார். ஐம்பத்தொன்று.

"சக்கரம் சரியா இருக்கும்மா. பாடிதான் ஏழு மில்லிமீட்டர் உள்ள வந்திருக்கு. எப்பவோ அடி வாங்கியிருக்கு" என்றார்.

"இந்த வண்டியா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா."

"அண்ணா, வேற எந்த வண்டிய வேணும்னாலும் சொல்லுங்க. இது எங்க அப்பா வண்டி."

கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தத்தை எடுத்தார். இரும்புத் தகடு இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தகட்டின் மேல் பட்டி கனமாகப் பூசியிருந்தால் நிற்காமல் விழுந்துவிடும். ஒரு நொடி வேலை, வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

மகள் வண்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேண்டாம். அப்பா சொல்லிட்டாரு. அதுக்கு மேல நீங்க காந்தம் வச்சுப் பாத்தீங்கன்னா, வண்டியில வச்சுப் பாத்ததா ஆகாது. எங்க அப்பா வாயில வச்சுப் பாத்ததா ஆகும்."

 கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு முத்திரைக்காரரைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்பின் காந்தத்தை மேசை மேல் வைத்துவிட்டார். நாலு மூலையும் அளக்காமல் விட்டது தன் கைதான், தன் தொழிலில் அது முதல் தப்பு, அது தன்னோடேயே இருக்கட்டும், சக்கரங்களைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த மெல்லிய குரலிலேயே சொன்னார். யாருக்கும் ஆகாத அந்த நாலு சக்கரமும் இனி அவர் கடைச் சுவரில்தான் தொங்க வேண்டும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முதல் போல்ட்டைத் தளர்த்தத் தொடங்கினார்.

முத்திரைக்காரர் தப்பித்துவிட்டார். இனி யாரும் அந்த மூலையில் எதையும் வைத்துப் பார்க்கப் போவதில்லை. பழைய சக்கரத்தை மாட்டினால் வண்டி பழையபடி நிற்கும். 'காயம் படாதவை' வரிசையில் ஒன்பதாவதாக நிற்கும். அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, சும்மா நின்றால் போதும்.

ஆய்வாளராக இருந்த காலத்தில் அவருக்கு ஓர் அனுபவம். பொய்த் தராசு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சோதனை நேரத்தில் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். தராசைப் பார்க்காமல் வேறெங்கோ தெருவைப் பார்ப்பார்கள். தராசைத் தொடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது தெருவில் போகிற ஒரு சைக்கிளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கைகளைப் பிரித்தார். மேசைக்குப் போய்க் காந்தத்தை எடுத்தார்.

"அப்பா, அதெல்லாம் வேண்டாம்னு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

அவர் வண்டியருகே போனார். தேடவில்லை, தடவிப் பார்க்கவில்லை. வளைவுக்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில், குத்து மதிப்பாக இல்லாமல் சரியாக ஓர் இடத்தில், காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார். அது சிமெண்ட் தரையில் விழுந்து, உருண்டு, ஜாக்கியின் காலில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று மகள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் நின்றபடியே சொன்னார். சரக்குக் கிடங்கு, இரும்புத் தூண், இன்னோர் ஊர்ப் பட்டறை, பயிற்சி முகாம் என்று சொன்ன மூன்று நாள், எல்லாவற்றையும் அறிக்கை வாசிப்பதுபோல் முதுகு வளையாமல் சொன்னார். மச்சினரை நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லையும் விடவில்லை. கடைசியில் கடைக்காரர் பக்கம் திரும்பி, "தப்பு உங்க கைல இல்ல. என் வாயில. சக்கரத்த கழட்டாதீங்க" என்றார்.

 மகள் குனிந்து ஜாக்கியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி எடுத்தாள். தகட்டில் அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தாள். விழுகிற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரு சின்னக் குளம்போல வடிவம் வந்தது.

"ஏம்பா, ஒரு வண்டிய இடிச்சதுக்கா பதினாலு வருஷம்?"

"இடிச்சதுக்கு ஒரு நாள் போதும். சொல்லாததுக்குத்தான் மிச்சம்."

அவள் சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரரிடம் போய், கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் சங்கடத்தில் ஸ்பானரையே துடைத்துக்கொண்டிருந்தார். முத்திரை குத்துகிறவரே சொல்லிவிட்டார் என்று அளக்காமல் விட்டது தன் முட்டாள்தனம்தான், தன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் முத்திரை குத்தியவரையே தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்திருப்பார் என்றார். முத்திரைக்காரர் சிரித்துவிட்டார். காந்தம் கீழே விழுந்த பிறகு அந்தக் கடையில் முதலில் சிரித்தது அவர்தான்.

வீட்டில் மனைவியிடம் சொல்வதுதான் அவருக்குப் பெரிய மலையாக இருந்தது. அவள் சமையலறையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று கிடங்கிலிருந்து ஆரம்பித்தார். தூண் வருவதற்குள் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பின்னாடி இடது பக்கக் கதவோரமா உக்காந்து வர்றவ நான்தான். பதினாலு வருஷமா ரெண்டு தடவ இழுத்தாத்தான் அது மூடுது. எனக்குத் தெரியாதா?"

 ஏன் கேட்கவில்லை என்றார் முத்திரைக்காரர்.

"நீங்களா சொல்ற அன்னைக்குக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். வீட்டு ஆம்பளைய வண்டி வச்சு மடக்குறது ஒரு பெருமையா?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். எடுத்தவள், தன் தம்பிக்கு மட்டும் அவர் நேரில் சொல்லியாக வேண்டும், தொலைபேசியில் சொன்னால் செல்லாது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மகள் அன்றைக்கே விண்ணப்பத்தை எடுத்தாள். எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். எட்டு வண்டிகளோடு ஒன்பதாவதாக நிற்பது அவளுக்குச் சின்ன ஆசையாக இருக்கவில்லை. பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேலேயே நின்றது. பிறகு பொது வரிசையில் பெயரை எழுதி, 'உடல்: இடது பின்பக்கம் ஒருமுறை பழுது பார்க்கப்பட்டது' என்று சேர்த்தாள். அப்பா அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். 'இடித்தவர்: தந்தை' என்று தன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அரசாங்கக் காகிதத்தில் போடுகிற அதே கையெழுத்து, அதே அடிக்கோடு.

கடைக்காரருக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர் நாலு நாள் வேலை பார்த்தார். பழைய பட்டியைச் சுரண்டி எடுத்து, உள்ளேயிருந்து மரக்கட்டை கொடுத்து, தகட்டைத் தட்டித் தட்டி வெளியே கொண்டுவந்தார். முத்திரைக்காரர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை பித்தளை அளவுகோலோடு எழுந்தார். டிங்கர் பொறுமைசாலி. ஆனாலும் மூன்றாம் நாள், ஐயா இந்த அளவுகோலை நீங்க பதினாலு வருஷம் முன்னாடியே எடுத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று வந்து, நாலாம் நாள் காலை ஐம்பத்தெட்டில் நின்றது. வலது பக்கம் ஐம்பத்தெட்டு. மறுபடி ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்த்தார். பின்கதவை மூடிப் பார்த்தார். ஒரே இழுப்பில் மூடியது.

புதுப் பூச்சு காய்ந்த பிறகு சக்கரம் ஏறியது. இந்தத் தடவை முனகல் இல்லை. ஆனால் கடைக்காரருக்கு இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. காலி வண்டியில் உரசாத சக்கரம் ஆள் ஏறினால் உரசும். பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார வேண்டும், கனமாக இருந்தால் நல்லது என்றார். அவரே ஏறினார், டிங்கரை ஏற்றினார், இடது ஓரம் முத்திரைக்காரருக்கு என்றார். வாழ்நாளெல்லாம் எடைக்கல்லைச் சோதித்தவர் அன்று தானே எடைக்கல்லாகி உட்கார்ந்தார். மகள் மேடுபள்ளமான கடைவீதியில் வண்டியை விரட்டி, வளைவுகளில் ஒடித்தாள். அவர் காது முழுவதும் காலுக்குக் கீழே இருந்தது. உரசல் இல்லை. கடைக்காரர் ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமுமாக நெருக்கியதில் மூச்சு முட்டியது. இருந்தாலும் இன்னொரு சுற்றுப் போகச் சொன்னார்.

காட்சி நாளன்று பொது வரிசையில் நாற்பதுக்கு மேல் வண்டிகள் நின்றன. காலை வெயிலில் கரும்பச்சை மின்னியது. அகலச் சக்கரங்களின் வெள்ளி விளிம்பில் போகிறவர் வருகிறவர் முகமெல்லாம் வளைந்து தெரிந்தது. தகட்டையும் டயரையும் ஒரு கோட்டில் பார்ப்பதற்காகவே ஆட்கள் குனிந்தார்கள். யார் அளந்தது, யார் மாட்டியது என்று கேட்டார்கள். மகள் சக்கரக் கடைக்காரரின் பெயரைச் சொன்னாள், டிங்கர் பெயரைச் சொன்னாள். அகலம், துளை, இடைவெளி என்று அவள் விளக்க, தலை நரைத்தவர்கள்கூடக் கைகட்டிக் கேட்டார்கள். முத்திரைக்காரர் வண்டியின் வலது ஓரத்தில், தேய்த்த சட்டையோடு, காவலாளி மாதிரி நின்றார். மனைவி வெயிலுக்கு ஒதுங்கி வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். காந்தம் அவர் பையில் இருந்தது. கடைக்காரர் அதை அவருக்கே கொடுத்துவிட்டிருந்தார்.

மச்சினர் வந்தார். அக்கா வரச் சொன்னதால் வந்தேன் என்கிற முகத்தோடு, வண்டிக்கு ஆறடி தள்ளியே நின்றார். பழைய வழக்கப்படி அவரே ஆரம்பித்தார்.

"என்ன அத்தான், உங்க கீறல் விழாத வண்டி செருப்பு மாத்திக்கிச்சு போல?"

பக்கத்தில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. முத்திரைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாலு பேர் முன்னால் பேசியதற்கு இப்போது பத்துப் பேராவது கேட்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"கீறல் விழுந்த வண்டிதான் மச்சான். உனக்குத் தர மாட்டேன்னு சொன்ன எட்டாம் நாளே நான் இடிச்சேன். தூணு சும்மாதான் நின்னுச்சு. நான்தான் போய் இடிச்சேன்."

மச்சினர் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தார். அதற்குத்தான் அத்தனை வருடமும் பயந்திருந்தார். மச்சினர் சிரிக்கவில்லை. ஆறடியைக் கடந்து கிட்டே வந்தார்.

"எங்க?"

"நீயே பாத்துச் சொல்லு."

மச்சினர் வண்டியைச் சுற்றினார். முன்பக்கம் குனிந்தார், பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பின்பக்கம் தட்டிப் பார்த்தார். கூட்டத்தில் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். முத்திரைக்காரர் பையிலிருந்த காந்தத்தை எடுத்து நீட்டினார். மச்சினர் அதை வாங்கிக்கொண்டு இரண்டாவது சுற்றுப் போனார். வைத்த இடத்திலெல்லாம் ஒட்டியது. மூன்றாவது சுற்றில் வலது முன்கதவைக் காட்டி, இதானே என்றார்.

"இல்ல" என்றார் முத்திரைக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "இன்னும் நல்லாத் தேடு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். மச்சினர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொண்டார். அதன்பிறகுதான் முத்திரைக்காரர் இடது பின்பக்கம் போனார். இடத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒரு சுற்று போய்விட்டு வரலாம், ஏறிக்கொள் என்றார். மச்சினர் தயங்கினார். புதுச் சக்கரத்தைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

முத்திரைக்காரர் கதவைத் தள்ளினார். ஒரே தள்ளில் மூடிக்கொண்டது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.